குட்டிக்கு அரைக் கிண்ணம்

"நாற்பத்தோரு நாள் ஆச்சு அம்மா. எனக்கு மட்டும் இன்னும் சொல்லலை," என்றார் நல்லபெருமாள்.

மடத்து அம்மா வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் காதில் சொல்லி அனுப்பியாச்சு. அந்தக் கம்பம் ஊர்க்காரர் வந்து மூணே நாள். அவருக்கும் சொல்லிட்டீங்க."

"ஆமா."

"அவர்கிட்ட என்ன இருக்கு? என்கிட்ட என்ன இல்லை?"

"அவர் நான் சொன்னதைக் கேட்டார். நீங்க என் முகத்தையே பார்க்கிறீங்க."

"எதுக்குப் பார்க்கிறேன்னு நினைக்கிறீங்க?"

"பொய் சொல்றேனான்னு."



நல்லபெருமாளைக் குறை சொல்லவும் முடியாது. வனத்துறை செக்போஸ்ட்டில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர். வைக்கோல் வண்டியைக் குத்திப் பார்ப்பார். பால் கேனில் கம்பை விட்டுப் பார்ப்பார். ஒருமுறை பிணம் ஏற்றி வந்த வேனில் துணியை விலக்கிப் பார்த்தார். உள்ளே சந்தனக்கட்டை இருந்தது. அன்றிலிருந்து செத்தவர்களையும் அவர் நம்புவதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு மலையேறி வந்தார். பாதி மலையில் அந்த மடம். கீழே ஒரு முற்றம், சமையல்கட்டு, விறகுக் கொட்டகை. அங்கிருந்து நாற்பது கல்படி ஏறினால் மேலே ஒரு கூடம். அம்மா இருப்பது கூடத்தில். யார் வந்தாலும் அவரவருக்கென்று ஒரு சொல்லைக் காதில் சொல்லி அனுப்புவது அந்த மடத்து வழக்கம்.

அம்மாவுக்கு முப்பத்துநாலு வயது. நல்லபெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. இத்தனை சின்னப் பெண்ணை முந்தைய சாமி ஏன் அந்த இடத்தில் உட்கார வைத்தார் என்பதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அந்த வாரம் எஸ்டேட் ஜீப் ஒன்று முற்றத்தில் வந்து நின்றது. டிரைவர் ஒரு கூடையையும் ஒரு தீனி மூட்டையையும் இறக்கினான்.

"தாயைப் பாம்பு கடிச்சிடுச்சும்மா. பதினோரு குட்டி. மிஞ்சினது இது ஒண்ணுதான். பங்களாவில் பார்க்க ஆள் இல்லை. துரை போனில் சொன்னாரே, உங்ககிட்ட விடச் சொன்னார்."

கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. உரிக்காத தேங்காய் அளவு. பாதங்கள் மட்டும் வேறு ஒரு பெரிய நாயிடம் இரவல் வாங்கியது மாதிரி இருந்தன.

"கிரேட் டேன். பிறந்து இருபத்தாறு நாள் ஆகுது. வளர்ந்தா கன்னுக்குட்டி உயரம் வரும்," என்றான் டிரைவர்.

அம்மா குட்டியை எடுத்து நல்லபெருமாள் மடியில் வைத்தார். அது உடனே அவர் வேட்டியை நனைத்தது.

"இதை வளர்த்துட்டு வாங்க ஐயா."

"நானா?"

"இது தன் காலால் நாற்பது படியும் ஏறி என்கிட்ட வர்ற அன்னைக்கு நீங்களும் கூட வாங்க. உங்களுக்கு உண்டானதைச் சொல்றேன்."

"அப்ப இன்னைக்கே பழக்க ஆரம்பிக்கிறேன்."

"கூடாது. நான் கூப்பிடுற வரைக்கும் படியில் கால் வைக்க விடக்கூடாது. வழுக்குத் தரையில் ஓட விடக்கூடாது. தூங்கினா எழுப்பக்கூடாது. ஒரு நாளைக்கு நாலு வேளை. கால்நடை டாக்டர் கொடுத்தனுப்பின தீனியை வெந்நீரில் ஊற வெச்சு, வேளைக்கு அரைக் கிண்ணம். தலை தட்டி. எப்ப அளவைக் கூட்டணும்னு நான் சொல்வேன்."

"அரைக் கிண்ணமா?"

"அரைக் கிண்ணம்."

நல்லபெருமாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர வேண்டிய ஜீவன். அதற்கு அரைக் கிண்ணம். வளர்ந்தால்தான் படி ஏறும். ஏறினால்தான் சொல்வார். அப்படியென்றால்?

'சொல்ல மனசில்லை. அதுக்குத்தான் இந்த வழி,' என்று நினைத்துக்கொண்டார்.

*

குட்டி தாயைத் தேடிக் கத்தியது. கூடத்துக்குக் கேட்கும் அளவுக்குக் கத்தியது.

நல்லபெருமாள் பெட்டியைத் திறந்து தன் பழைய காக்கிச் சட்டையை எடுத்தார். வெந்நீர் பாட்டிலை அதில் சுற்றிக் கூடையில் வைத்தார். குட்டி சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தது. அடுத்த நிமிடம் தூங்கிப்போனது.

மூச்சு வருகிறதா என்று ஒரு விரலை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். வந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

சமையல்காரர் சடையாண்டி வாசல்படியில் நின்று சிரித்தார்.

"என்னங்க செக்போஸ்ட்டு, மூச்சுக்கும் பர்மிட் பார்க்கிறீங்களா?"

"உன் வேலையைப் பாரு."

சடையாண்டி மேல் அவருக்கு முதலிலிருந்தே ஒரு கண். தீனி மூட்டை சமையல்கட்டு மூலையில்தான் இருந்தது. அது சீக்கிரம் இறங்குவதாக அவருக்குப் பட்டது. மூட்டையைத் தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டுக் கட்டினார். இரண்டாம் நாள் முடிச்சு மாறியிருந்தது.

"சடையா, கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுப்பா."

மோந்து பார்த்தார். பெருங்காயத்துக்கு நடுவே அந்த வாடையும் இருந்தது.

"நாய்த்தீனியை எடுத்தியா இல்லையா?"

"ஒரே ஒரு உருண்டைங்க. இத்தனை வருஷம் ஊருக்கே ஆக்கிப் போடுறேன். இந்தக் குட்டி அப்படி என்னதான் திங்குதுன்னு வாயில் போட்டுப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"உப்பே இல்லைங்க."

ஒரு உருண்டைதானா, தினமும் ஒரு உருண்டையா? யாருக்குத் தெரியும். மூட்டை அன்றே நல்லபெருமாளின் கட்டிலடிக்கு வந்துவிட்டது.

*

தடுப்பூசி போட டாக்டர் மெர்லின் அடிவாரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். குட்டியின் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. எலும்பு கைக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. இப்படியே போகட்டும்."

நல்லபெருமாள் அவரை விறகுக் கொட்டகைப் பக்கம் தனியே கூட்டிப் போனார்.

"டாக்டரம்மா, உண்மையைச் சொல்லுங்க. இந்தச் சாப்பாடு போதுமா?"

"தாராளமா போதும் பெரியவரே. பெரிய ஜாதிக் குட்டியை நிதானமாத்தான் வளர விடணும். சதை சீக்கிரம் ஏறிட்டா எலும்பு தாங்காது."

"கால்சியம் மருந்து?"

"வேண்டவே வேண்டாம். தீனியிலேயே இருக்கு."

"இதை நீங்களாச் சொல்றீங்களா, அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"குட்டி வர்றதுக்கு முன்னாடியே அம்மாவும் போனில் என்கிட்ட இதையேதான் கேட்டாங்க. நான் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

ஸ்கூட்டர் வளைவில் மறையும்வரை நல்லபெருமாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

'ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க. பேசி வெச்சுக்காம எப்படி?' என்று தோன்றியது. செக்போஸ்ட்டில் டிரைவரும் கிளீனரும் அச்சு மாறாமல் ஒரே பதிலைச் சொன்னால் அந்த வண்டியைத்தான் அவர் முதலில் பிரிப்பார்.

மறுநாள் அடிவாரத்து டீக்கடைக்குப் போனார். அவித்த முட்டை ஒன்று வாங்கினார். மடத்துக்குள் முட்டை ஆகாது. குடையைச் சுருக்கி அதன் மடிப்புக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்து மருந்துக்கடையில் எலும்புக்கென்று சொல்லி ஒரு வெள்ளை மருந்துப் பாட்டிலும் வாங்கினார். அது சட்டைக்குள் போனது.

முப்பத்திரண்டு வருடம் பிறர் எங்கெங்கே ஒளிப்பார்கள் என்று தேடியவர். தானே ஒளித்தது அதுதான் முதல் தடவை. சுலபமாகத்தான் இருந்தது.

பகல் மூன்று மணிக்கு அம்மா மேலே வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். சடையாண்டி குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் குடை விரியும்.

குட்டி முட்டையை ஒரே வாயில் விழுங்கிவிட்டு அவர் விரலையும் சேர்த்து நக்கியது. வால் ஆடும்போது பின்பாதி உடம்பு முழுக்க ஆடியது.

"தின்னு. யார் என்ன சொன்னாலும் நான் இருக்கேன்," என்றார்.

*

குட்டி கிடுகிடுவென்று வளர்ந்தது.

"யானைக்குட்டிங்க இது," என்றார் சடையாண்டி.

ஒருநாள் அம்மா படியிறங்கி வந்து குட்டியின் விலாவைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"எலும்பு கைக்கு அகப்படலையே ஐயா."

"அதுக்கென்னம்மா? சதை பிடிச்சிருக்கு."

"அரைக் கிண்ணத்துலயா?"

"நீங்கதானே அளவு சொன்னீங்க?"

அம்மா குட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

"கால் பங்கு குறைச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

நல்லபெருமாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நினைத்தது சரியாகப் போயிற்று. குட்டி வளர்கிறது என்று தெரிந்ததும் தீனியைக் குறைக்கிறார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் குடைக்குள் இரண்டு முட்டை இருந்தன. மருந்து ஒரு மூடியிலிருந்து இரண்டு மூடியானது.

இப்படியே மூன்று வாரம் போனது.

பிறகு ஒரு காலையில் குட்டி கூடையிலிருந்து எழுந்து மூன்று எட்டு வைத்தது. உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுந்தது. உட்கார்ந்துவிட்டது. முன்கால் இரண்டும் முட்டிக்குக் கீழே முடிச்சுப் போட்டது மாதிரி வீங்கியிருந்தன. பாதங்கள் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி நின்றன.

நல்லபெருமாள் தொட்டுப் பார்த்தார். குட்டி கத்தவில்லை. அவர் கையை மெல்ல வாயால் பற்றி விலக்கியது. மறுநிமிடம் அதே கையை நக்கியது.

யாரோ உதைத்திருக்கிறார்கள்.

யார்? சடையாண்டிதான்.

பதினோரு மணிக்கு விறகடுக்கின் பின்னால் போய்க் குந்தினார். நினைத்தபடியே சடையாண்டி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். நல்லபெருமாள் மூச்சை அடக்கினார்.

சடையாண்டி குட்டியின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அதன் காதருகே குனிந்து, கட்டைக் குரலில், தாலாட்டுப் பாடினார். பாதிப் பாட்டு மறந்துபோய் மீதியை இழுத்துவிட்டார். பாடி முடித்து, மறுபடியும் இரு பக்கமும் பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சாம்பாரைக் கிண்டினார்.

நல்லபெருமாளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவன் இல்லையென்றால் மிச்சம் ஒருவர்தான்.

நாற்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினார். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா! பட்டினி போட்டே அந்தக் குட்டியோட காலை முடக்கிட்டீங்க!"

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குச் சொல்ல விருப்பமில்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வாயில்லாப் பிராணியை ஏன் வதைக்கிறீங்க?"

அம்மா எழுந்தார்.

"நடக்க முடியலையா?"

"மூணு எட்டு வைக்க முடியலை."

"டாக்டருக்குப் போன் போடுங்க," என்றார் அம்மா. அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

*

டாக்டர் மெர்லின் கால்களை அழுத்திப் பார்த்தார். விலாவில் விரலை வைத்துத் தேடினார். கிடைக்கவில்லை.

"இது பட்டினி இல்லை. நேர்மாறு. யாரோ அளவுக்கு மேல ஊட்டியிருக்காங்க. கால்சியமும் கொடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். உடம்பு முந்திக்கிச்சு, எலும்பு பிந்திப்போச்சு. பாரம் தாங்காம வளையுது."

"சரியாகுமா?" என்று கேட்டார் அம்மா.

"இன்னைக்கே நிறுத்தினா நிமிர வாய்ப்பு இருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போயிருந்தா ஆயுசுக்கும் எழுந்திருக்காது. யார் கொடுத்தது?"



டாக்டர் சடையாண்டியைப் பார்த்தார். "சமையல் நீங்கதானே?"

"அடுப்பு மேல சத்தியமா இல்லைங்க டாக்டரம்மா!"

"பாசத்துல செஞ்சிருந்தாலும் சொல்லிடுங்க. யாரும் அடிக்கப்போறதில்லை."

"நான் இல்லைங்க. ஒரு உருண்டையை நான் தின்னேன். நான்தான் அதோடதைத் தின்னேன். அதுக்கு நான் எதுவும் கொடுக்கலை." சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்லபெருமாள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. குட்டியின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் போனார். அம்மா மேலே போனார். சடையாண்டி அன்று சோற்றைக் குழைய விட்டுவிட்டார்.

மணி மூன்றாயிற்று.

நல்லபெருமாள் விறகுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்திருந்தார். முற்றத்தின் அந்தப் பக்கம் சாக்கின் மேல் கிடந்த குட்டி தலையைத் தூக்கியது. எழுந்தது. இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. முழங்காலை ஊன்றி, வயிறு தரையில் இழுபட, முற்றம் முழுவதையும் கடந்து வந்தது.

வந்து குடையின் மடிப்புக்குள் மூக்கை விட்டது. அங்கே ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

*

படி ஏறுவதற்கு அன்று அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"அம்மா, அது நான்தான்."

"உட்காருங்க ஐயா."

"சடையாண்டி இல்லை. நான்."

"என்னென்ன கொடுத்தீங்க?"

"அவிச்ச முட்டை. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு. எலும்பு மருந்து ரெண்டு மூடி."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம்."

"இதை அப்படியே டாக்டருக்குச் சொல்லிடுங்க. மருந்து பாட்டிலையும் காட்டுங்க. அவங்களுக்குத் தெரியணும்."

அவ்வளவுதான். அவர் காத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"உங்களுக்கு என் மேல சந்தேகமே வரலையாம்மா?"

"வந்துச்சு. தீனியைக் குறைக்கச் சொன்ன அன்னைக்கே வந்துச்சு."

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"கேட்டிருக்கணும். கேட்டா நீங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்கன்னு தள்ளிப்போட்டேன். அது என் தப்பு. குட்டியோட காலில் அதுக்கும் பங்கு இருக்கு."

நல்லபெருமாள் தலை குனிந்தார்.

"என்னை அனுப்பிடுங்க. இனிமே வேற யாராவது பார்த்துக்கட்டும்."

"மணி என்ன ஆகுது?"

"மூணே முக்கால்."

"நாலு மணித் தீனியை இப்பவே ஊறப் போட்டாத்தான் சரியா இருக்கும்."

"நானா? மறுபடியும் என்கிட்டயா? எதை நம்பி?"

"கால் கிண்ணத்துக்கு ஒரு பிடி கூட. அதுக்கு மேல போகாதீங்க," என்றார் அம்மா.

போகிற வழியில் அவர் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். சடையாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சடையாண்டி கேட்டு முடித்து, கரண்டியைக் கழுவி மாட்டினார்.

"என் கையை மோந்து பார்த்தீரே," என்றார். அன்றோடு 'நீங்க' போய் 'நீர்' ஆகிவிட்டது.

*

அதன்பிறகு இருந்ததுதான் கஷ்டம்.

பழகிய வயிறு கேட்டது. குட்டி கிண்ணத்தை நக்கி முடித்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியையும் நக்கும். பிறகு அவர் முன்னால் வந்து உட்கார்ந்து அழும். குரைப்பில்லை, ஊளையில்லை, ஒரு மெல்லிய இழுப்பு.

நல்லபெருமாள் எழுந்து போக மாட்டார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"இல்லைடா. இப்ப இல்லை," என்பார்.

குடையை டீக்கடையிலேயே விட்டுவிட்டார். மழையில் நனைந்துகொண்டே ஓடையிலிருந்து மணலைச் சாக்கில் சுமந்து வந்தார். குட்டிக்கு வழுக்காமல் இருக்க முற்றம் முழுக்கக் கொட்டிப் பரப்பினார். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் அதன்மேல் நடக்கவிட்டார். நடக்கும்போது தானும் அதன் வேகத்துக்கே நடந்தார். யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் இருவருக்கும் கால் வலி என்று நினைப்பார்கள்.

தினமும் கண்ணை மூடிக்கொண்டு அதன் விலாவில் விரலை ஓட்டுவார். ஒருநாள் ஒரு எலும்பு அகப்பட்டது. அடுத்த வாரம் நான்கு.

டாக்டர் வந்து பார்த்தார். இடது கால் நேராகிவிட்டது, வலது காலுக்கு இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றார்.

"நல்லா வந்திருக்கு பெரியவரே. அளவை மட்டும் விட்டுடாதீங்க."

அன்று அமாவாசை. மடத்தில் பொங்கல் படைத்திருந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் நல்லபெருமாள் கை கழுவிவிட்டு முற்றத்துக்கு வந்தார்.

சடையாண்டி குட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். துண்டுக்கடியில் ஏதோ இருந்தது. துண்டைத் தாண்டி நெய் மணந்தது.

"சடையா, துண்டை எடு."

"எடுக்க மாட்டேன்."

"எடுப்பா."

வாழையிலையில் ஒரு குவியல் சர்க்கரைப் பொங்கல். முந்திரி தனியாகப் பொறுக்கி மேலே வைத்திருந்தது.

"இது ஆகாது. இப்பதான் அது எழுந்து நிக்குது," என்றார் நல்லபெருமாள்.

சடையாண்டி எழுந்தார். இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்தது.

"என்னய்யா ஆகாது? எலும்பு கைக்கு வந்துடுச்சு பார்த்தீரா? அழுது அழுது அதுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அன்னைக்குப் போட்டுக் கெடுத்தீர். இன்னைக்குப் போடாம கெடுக்கிறீர்."

"டாக்டர் சொன்ன அளவுப்பா."

"டாக்டர் உம்மகிட்டதானே சொன்னாங்க? நான் கேட்டேனா? நீர் பாதியைக் குறைச்சுச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

"நான் ஏன் குறைக்கிறேன்?"

"ஏன்னு எனக்குத் தெரியும்." சடையாண்டி விரலை நீட்டினார். "அது நல்லா நடந்தா படி ஏறிடும். ஏறிட்டா அம்மா உம்ம காதில் சொல்லிடுவாங்க. சொல்லிட்டா நீர் கிளம்பணும். கிளம்பிப் போக உமக்கு வீடும் இல்லை, காத்திருக்க ஆளும் இல்லை. அதனால்தான் அதை எழுந்திரிக்க விடாம வெச்சிருக்கீர்!"



படி. காதில் சொல்வது. நல்லபெருமாள் அதை நினைத்தே எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுத்துச் சொல்ல நினைத்தார். எதைச் சொன்னாலும் சடையாண்டி நம்பப் போவதில்லை என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றும் தெரிந்தது. இலையோடு பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டார். சடையாண்டி விட மனமில்லாமல்தான் விட்டார்.

குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது.

*

அம்மா கூடத்து வாசலில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சடையாண்டி என் மேல சந்தேகப்படுறான்."

"என்னன்னு?"

"குட்டியை நான் வேணும்னே பட்டினி போடுறேனாம்."

"ரொம்பச் சந்தேகமா?"

"ரொம்ப. நான் குளிக்கப் போனா வந்து கிண்ணத்தை மோந்து பார்க்கிறான். அளக்கும்போது ஜன்னல் வழியாப் பார்க்கிறான். இன்னைக்குப் பொங்கலை மறைச்சுக் கொண்டுவந்துட்டான். நான் குட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு முற்றத்தை விட்டே நகர மாட்டேங்கிறான். இப்பவும் அது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கான்."

"பொங்கலை வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"முழுசா?"

"முந்திரி உட்பட."

அம்மா ஒரு பூவை எடுத்து நாரில் வைத்து முடிந்தார்.

"நல்லது. அப்ப குட்டியைப் பார்த்துக்க இன்னொரு ஆளும் ஆயாச்சு."